எக்ஸ்ரேயைக் கணினி படிக்கிறது, முடிவை யார் எடுப்பது?

பென்னாகரம் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். அதனால் இதை இங்கே கேட்கிறேன்.

என் மாமனாருக்கு எழுபது வயது நெருங்குகிறது. பல வருடமாக முதுகு வலி. கழுத்தைத் திருப்ப முடியாது, குந்தி உட்கார முடியாது. காட்டு வேலை செய்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். போன வருடம் வலி தாங்காமல் ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் முதுகும் இடுப்பும் எக்ஸ்ரே எடுத்தோம். காத்திருக்கும்போதே அறிக்கை வந்துவிட்டது. மென்பொருள் தயாரித்தது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மருத்துவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முத்திரை மட்டும். எலும்புகளின் அடர்த்தி பரவலாகக் கூடியிருக்கிறது, புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. மைத்துனன் அதைப் படித்து வீட்டில் சொல்லிவிட்டான். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அப்புறம் தருமபுரியில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் படத்தை வாங்கும் முன்பே மாமாவின் பல்லைப் பார்த்தார். எந்த ஊர், எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள், போர் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்று கேட்டார். முன்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வு இறுகி எலும்பாகவே மாறியிருந்தது. ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் எலும்புக்குப் பரவும் என்பதால், அதற்கான ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்து, அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் முடிவாகச் சொன்னார்: இது ஃபுளூரைடு. எலும்பு ஃபுளூரோசிஸ், அதாவது தண்ணீரில் வந்த ஃபுளூரைடு பல்லில் கறையாகி, எலும்பில் படிந்து அதை இறுக்கிவிடும் நோய்.

நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் ஐம்பது வருடம் போர் தண்ணீர் குடித்தவரின் எலும்பில் அது இருக்கத்தானே செய்யும்?

நான் கேட்பது இதுதான். இந்தக் கருவிகள் நம் ஊர் எலும்பைப் பார்த்திருக்கின்றனவா? பார்க்காத ஒன்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறது? இதனால் நல்லது நடக்கிறது என்றால் எங்கே நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் மென்பொருள்

சார், நான் மருத்துவன் இல்லை. படங்களைக் கணினிக்குப் பழக்கும் வேலை செய்கிறேன், ஆனால் தொழிற்சாலைப் படங்கள். அடிப்படை ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன்.

கணினிக்கு ஃபுளூரோசிஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்திருக்கலாம். லட்சக்கணக்கான எக்ஸ்ரே படங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இது இன்ன நோய் என்று பெயர் எழுதிக் கொடுத்துத்தான் பழக்குகிறார்கள். அந்தப் படங்கள் பெரிய நகரத்து மருத்துவமனைகளிலிருந்து வந்திருந்தால், அங்கே வெள்ளையாக அடர்ந்த எலும்போடு வந்த முதியவர்களில் பலர் புற்றுநோயாளிகளாக இருந்திருப்பார்கள். தனக்குத் தெரிந்த பெயர்களில் எது நெருக்கமோ அதைச் சொல்லும். "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லத் தனியாகப் பழக்க வேண்டும். அது கடினமான வேலை, பலர் செய்வதில்லை.

இன்னொன்று. கணினி எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்பதே பல நேரம் நமக்குத் தெரியாது. 2018-ல் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய மென்பொருள், படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதைக் கண்டுபிடித்து, அந்த மருத்துவமனையில் நிமோனியா அதிகமா குறைவா என்பதை வைத்தும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சொந்த மருத்துவமனைப் படங்களில் நன்றாகத் தேறியது, வெளியூர்ப் படங்கள் வந்ததும் சறுக்கியது.

இதைவிட எனக்கு மறக்காதது 2015-ல் வெளிவந்த ஒன்று. நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார் என்று கணிக்க ஒரு கணினி மாதிரியைப் பழக்கினார்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று அது கற்றுக்கொண்டது. காரணம், ஆஸ்துமாக்காரர்களை அந்த மருத்துவமனைகளில் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். கவனிப்பு நன்றாக இருந்ததால் பிழைத்தார்கள். அந்தக் கணிப்பை நம்பி ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தரவில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் முடிவு ஆளைக் கொல்லும்.

காவேரிப்பட்டணம் செவிலியர்

ஆசிரியர் சார், உங்கள் மாமனாருக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் இந்த இழை ஒரே பக்கமாகப் போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன்.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுபோய் ஊர் ஊராக எடுக்கும் முகாம்கள் உங்களுக்குத் தெரியும். ஒரு நாளில் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டே இருப்போம். அதை அத்தனையும் அன்றைக்கே பார்த்துச் சொல்ல ஒரு கதிரியக்க மருத்துவர் எங்கே கிடைப்பார்? படம் போய், யாராவது பார்த்து, பதில் வருவதற்குள் அந்த ஆள் செங்கல் சூளைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிருப்பார். போனவரைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது களத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மென்பொருள் அங்கேயே ஒரு மதிப்பெண் கொடுத்தால், அவர் முகாமை விட்டுப் போவதற்குள் சளி மாதிரி வாங்கிவிடலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காசநோய் என்று முடிவு செய்வது அந்த மதிப்பெண் இல்லை. சளியை ட்ரூநாட்டிலோ சிபிநாட்டிலோ போட்டுக் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு. யாருக்குச் சளி எடுக்கலாம் என்று பிரித்துக் கொடுப்பதோடு மென்பொருளின் வேலை முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை ஏற்றுக்கொண்டதும் இப்படித்தான்: 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, ஆளுக்குப் பதிலாக மென்பொருளை முதல்கட்டமாகச் சலித்துப் பிரிக்கப் பயன்படுத்தலாம். குழந்தைகளுக்கு அந்தப் பரிந்துரை கிடையாது. முன்பு காசநோய் வந்து ஆறியவர்களின் நுரையீரலில் தழும்பு இருக்கும், அதற்கும் அது அதிக மதிப்பெண் போட்டுவிடும். அதனால் முதல் கேள்வியே "முன்னே மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியபோது செய்தது கணினி வேலையே இல்லை. நோய் உறுதியானதும் உடல் எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், கால் வீக்கம், மூச்சு விடும் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்ப்போம். மோசமாக இருப்பவரை உடனே சேர்ப்போம். ஒரு தாளும் பேனாவும் போதும். அப்படிச் சேர்த்த தரவை வைத்துத்தான் பிறகு இறப்பு ஆபத்தைக் கணிக்கும் கணினி மாதிரியை உருவாக்கி, 2025-ல் காசநோய்ச் செயலிக்குள் கொண்டு வந்தார்கள். நம் ஊர் நோயாளிகளிடமிருந்தே கற்றது. ஆசிரியர் சார் கேட்ட கேள்விக்கு நல்ல பதில் என்றால் எனக்கு இது ஒன்று தோன்றுகிறது.

தருமபுரி பயிற்சி மருத்துவர்

அக்கா சொன்னதில் முக்கியமானது, மதிப்பெண் முடிவு இல்லை என்பது. அதைக் கொஞ்சம் கணக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் "90 சதவீதம் துல்லியம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

ஆயிரம் பேர் முகாமுக்கு வருகிறார்கள், அதில் பத்துப் பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தையும் நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்கிறது. நோயுள்ள பத்தில் ஒன்பதைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரை நோயாளி என்று சொல்லும். ஆக, கருவி கைகாட்டிய 108 பேரில் உண்மையான நோயாளி ஒன்பது பேர்தான். சளிப் பரிசோதனை இருக்கும் இடத்தில் இது பெரிய வெற்றி, ஆயிரம் பேர் 108 ஆகச் சுருங்கிவிட்டார்கள். பரிசோதனை இல்லாத இடத்தில் இதே கருவி 99 குடும்பங்களை அழ வைக்கும். ஆசிரியர் சார் வீட்டில் நடந்தது இரண்டாவது வகை. அந்த மையம் முதல்கட்டப் பிரிப்பில் வந்த சந்தேகத்தை அறிக்கை என்று அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டது.

உங்கள் மாமாவைப் பார்த்த மருத்துவர் பல்லையும் தண்ணீரையும் கேட்டார் இல்லையா, அதை நாங்கள் இங்கே படிக்கும்போதே சொல்லிக் கொடுக்கிறார்கள். அடர்ந்த எலும்பு என்றால் பாடப் புத்தகத்தில் வரும் பட்டியலில் புரோஸ்டேட் புற்றுநோய் மேலே இருக்கும். இந்த ஊரில் ஃபுளூரைடை மறந்தால் திட்டு விழும்.

எச்சரிக்கை மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு மென்பொருள், ரத்தத்தில் தொற்று பரவும் செப்சிஸ் நிலையை முன்கூட்டியே சொல்லும் என்றார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் 27,697 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது பிடிக்கவில்லை. அதே நேரம் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு மணி அடித்திருக்கிறது. இரவுப் பணியில் ஒருவர் முப்பது நாற்பது படுக்கையைப் பார்க்கும்போது வீணாக அடிக்கும் மணி என்ன செய்யும்? கொஞ்ச நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அஞ்செட்டி விவசாயி

டாக்டர் தம்பி, நீங்கள் சொல்வதெல்லாம் டாக்டர் இருக்கிற இடத்துக்கு. எங்கள் பக்கம் மலைக் கிராமங்களில் ராத்திரி ஏதாவது ஆனால் முதலில் வண்டி வேண்டும், பிறகு காட்டு வழியில் யானை நிற்காமல் இருக்க வேண்டும், பிறகுதான் தேன்கனிக்கோட்டையோ ஓசூரோ. எங்களுக்கு மெஷினா, பெரிய டாக்டரா என்கிற தேர்வு இல்லை. மெஷினா, ஒன்றுமில்லாமையா என்பதுதான். ஒன்றுமில்லாமைக்கு மெஷின் மேல் என்று நான் நினைக்கிறேன்.

என் போனில் பாம்பைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப் வைத்திருக்கிறேன். கடித்தால் எந்தப் பாம்பு என்று உடனே தெரிந்தால் உயிரைக் காப்பாற்றலாமே?

அரூர் மருந்தாளுநர்

அண்ணா, யானை, சாலை எல்லாம் உண்மை. ஆனால் பாம்பு விஷயத்தில் தயவு செய்து அந்த ஆப்பை நம்பி ஒரு நிமிடமும் செலவழிக்காதீர்கள்.

நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிப்பது. எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தான் மருந்து என்றில்லை. மருத்துவமனையில் செய்வது எளிமையான சோதனை: கொஞ்சம் ரத்தத்தைப் புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது. கண் இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சு எப்படி என்று பார்ப்பார்கள். கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்தில் கடித்தால் பல் பட்ட இடமே தெரியாது, விடியற்காலையில் வயிற்று வலி என்றுதான் சொல்வார்கள். பாம்பையே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், எதைப் படம் எடுப்பது?

இதில் இன்னொரு ஆபத்து. ஆப் தவறாக "விஷமில்லாத பாம்பு" என்று சொன்னால் ஆள் வீட்டிலேயே இருந்துவிடுவார். படம் எடுக்கப் பாம்பைத் துரத்தி இரண்டாவது ஆளும் கடி வாங்கியதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கடித்த கை காலை அசைக்காமல் வைத்து, இறுக்கிக் கட்டாமல், கீறாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கிவிட்டார்கள். எந்த ஊரில் எத்தனை கடி என்ற கணக்கு அதில் சேரும். அந்தக் கணக்கை வைத்து எந்தச் சுகாதார நிலையத்தில் எவ்வளவு மருந்து இருப்பு வைப்பது என்று கணிக்கலாம். கணினியை அந்த வேலைக்குக் கொண்டு வாருங்கள், நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

அஞ்செட்டி விவசாயி

சரி தம்பி. நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து என்பது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. இதை வாட்ஸ்ஆப்பில் போடுகிறேன்.

மத்தூர் அரசி

நான் செய்வதையும் சொல்கிறேன். அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஒவ்வொரு முறை ரத்தப் பரிசோதனை அறிக்கை வரும்போதும் அதை சாட்ஜிபிடியில் போட்டுத் தமிழில் விளக்கச் சொல்வேன். கிரியேட்டினின் என்றால் என்ன, ஏன் கூடுகிறது, வலி மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று பொறுமையாகச் சொல்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் சலிப்பதில்லை. டாக்டரிடம் நிற்கும்போது எங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம், பின்னால் வரிசை. என்ன கேட்பது என்று தெரியாமலே வந்துவிடுவோம். இப்போது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறேன். "கண்ணைப் பரிசோதித்தீர்களா?" என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை, அதுதான் கேட்டது. போய்ப் பார்த்தால் விழித்திரையில் ஆரம்ப நிலை பாதிப்பு. இதை ஆபத்து என்று எப்படிச் சொல்வது?

தருமபுரி பயிற்சி மருத்துவர்

அரசி அக்கா, அந்தத் தாளோடு வரும் நோயாளி எங்களுக்கு வரம். மனதாரச் சொல்கிறேன். விழித்திரை விஷயத்தில் இன்னொன்றும் சேர்க்கிறேன். சர்க்கரையால் வரும் கண் பாதிப்பைப் படத்தில் கண்டுபிடிக்கும் கூகுள் மென்பொருளை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கண்களைப் பார்த்த கருவி அது. ஆனால் அதையே தாய்லாந்தின் 11 சுகாதார நிலையங்களில் வைத்தபோது, படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று அது தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை, அவ்வளவுதான். தள்ளப்பட்டவர் வேறொரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வேறு ஊர் மருத்துவரிடம் போக வேண்டும். ஆய்வகத்தில் கிடைக்கும் துல்லியம் வேறு, நம் ஓ.பி. அறையில் கிடைப்பது வேறு.

சாட்பாட்டில் ஒரு எல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி இருக்கிறதே, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த எண்ணை மட்டும் போட்டு "மருந்தைக் கூட்டலாமா?" என்று கேட்டால், அது கூட்டலாம் என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. நீங்கள் கொடுக்காததை அது தேடிப் போய்ப் பார்க்காது. 2025-ல் வந்த ஒரு மருத்துவக் குறிப்பு: அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர் உப்பைக் குறைக்க வேண்டும் என்று சாட்ஜிபிடியிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடை மூன்று மாதம் சாப்பிட்டிருக்கிறார். மனம் குழம்பி, இல்லாதது தெரிந்து, மருத்துவமனையில் சேர்ந்தார். விளக்கம் கேளுங்கள், கேள்வி தயாரியுங்கள். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது மூன்றும் அதோடு வேண்டாம்.

நெறியாளர்

நினைவூட்டல்: தனி நோயாளியின் மருந்தளவு பற்றிய கேள்விகள் இங்கே வேண்டாம். அறிக்கைப் படங்களைப் பதிவேற்றும்போது பெயர், தொலைபேசி எண், பதிவு எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி வழக்கறிஞர்

நெறியாளர் சொன்னதை சாட்பாட்டில் போடும் அறிக்கைகளுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் நாமே கொண்டுபோய்க் கொடுத்த பிறகு திரும்ப வாங்குவது சுலபமில்லை.

ஆசிரியர் சார் சொன்ன முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். கணினி தவறினால் யார் பொறுப்பு என்று எல்லாரும் கேட்கிறார்கள். கணினியைக் கூண்டில் ஏற்ற முடியாது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு அறிக்கை கொடுத்த மையம் சேவை அளித்த தரப்புதான், "மென்பொருள் சொன்னது" என்று அது கையை உதற முடியாது என்பது என் கருத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் செயற்கை நுண்ணறிவுக்கென்றே நெறிமுறை வெளியிட்டது. அதில் மனித மேற்பார்வை, பொறுப்பேற்பு, நோயாளியின் ஒப்புதல் எல்லாம் இருக்கிறது. ஆனால் அது நெறிமுறை, சட்டம் இல்லை. மீறினால் அதை மட்டும் வைத்துத் தண்டனை கிடையாது. இந்த இடைவெளிதான் எனக்குக் கவலை.

நடைமுறையில் செய்யக்கூடியது: அறிக்கையைப் படித்துக் கையெழுத்திட்ட மருத்துவர் யார் என்று கேளுங்கள். பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவர் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. படத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கை மட்டும் போதாது. ஆசிரியர் குடும்பத்துக்கு உதவியது படம் கையில் இருந்ததுதான்.

சித்தேரி மலைக்காரன்

எல்லாரும் கருவி நல்லதா கெட்டதா என்று பேசுகிறீர்கள். எனக்குப் பயம் வேறு. மலையில் மருத்துவர் பணியிடம் காலியாக இருக்கிறது என்று நாங்கள் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். நாளைக்கு ஒரு கணினியை வைத்துவிட்டு "வசதி செய்து கொடுத்தாயிற்று" என்று கோப்பை மூடிவிட்டால்? பணக்காரனுக்கு டாக்டர், ஏழைக்கு மெஷின் என்று ஆகிவிடும். அஞ்செட்டி அண்ணன் சொன்ன "ஒன்றுமில்லாமைக்கு மெஷின் மேல்" என்ற பேச்சை நாமே சொன்னால், ஒன்றுமில்லாமையை யார் உண்டாக்கினார்கள் என்ற கேள்வி மறைந்துவிடும்.

யாருக்குக் கவனிப்பு தேவை என்பதைக் கணினி முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. 2019-ல் சயின்ஸ் இதழில் வந்தது. கூடுதல் கவனிப்பு யாருக்கு என்று தேர்ந்தெடுக்க, ஒருவருக்கு முன்பு எவ்வளவு மருத்துவச் செலவு ஆனது என்பதை வைத்துக் கணக்கிட்டது ஒரு மென்பொருள். கறுப்பின மக்களுக்கு நோய் அதிகம் இருந்தும் செலவு குறைவாகவே ஆகியிருந்தது, ஏனென்றால் அவர்களுக்கு மருத்துவமே சரியாகக் கிடைக்கவில்லை. கணினி அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று எடுத்துக்கொண்டது. கணக்கைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புப் பெறும் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கண்டார்கள். எங்கள் மலை மக்கள் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. பதிவேட்டில் எங்கள் பெயர் குறைவு. அந்தப் பதிவேட்டிலிருந்து கற்கும் கணினிக்கு நாங்கள் நோயே இல்லாத ஜனங்களாகத்தான் தெரிவோம்.

சித்தேரிக்குப் பக்கத்திலேயே சிட்லிங்கி இருக்கிறது. ரெஜி, லலிதா என்ற இரண்டு மருத்துவர்கள் 1993-ல் அங்கே வந்து பழங்குடி மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் வேலையும் ஊர் சுகாதார வேலையும் பழக்கினார்கள். அந்தப் பெண்களுக்கு எந்த வீட்டில் யார் கர்ப்பம், யார் சாப்பிடவில்லை என்று தெரியும். அவர்கள் கையில் கருவியைக் கொடுத்தால் நான் வரவேற்கிறேன். அவர்களுக்குப் பதிலாகக் கொடுத்தால் எதிர்க்கிறேன்.

ஓசூர் மென்பொருள்

மலைக்காரரே, உங்கள் பயத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் மறுக்கிறேன். ஆளுக்குப் பதில் என்பது எல்லா இடத்திலும் மோசம் என்று சொல்ல முடியாது. ஸ்வீடனில் மார்பகப் புற்றுநோய் சோதனையில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தார்கள். வழக்கமாக ஒரு படத்தை இரண்டு மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஒரு பிரிவில், கணினி ஆபத்து குறைவு என்று சொன்ன படத்தை ஒருவர் மட்டும் பார்த்தார். 2023-ல் வந்த முடிவு: படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, பிடிபட்ட புற்றுநோய் எண்ணிக்கை குறையவில்லை. மருத்துவர் பற்றாக்குறையில் மிச்சமாகும் அந்த நேரம் பெரிது.

தருமபுரி பயிற்சி மருத்துவர்

அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். கடைசியில் எல்லாப் படத்தையும் ஒரு மருத்துவராவது பார்த்தார் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உறுத்தும் ஆய்வு போலந்திலிருந்து 2025-ல் வந்தது. பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் கட்டிகளைக் கணினி காட்டிக் கொடுக்கும் வசதியை மருத்துவர்கள் பழகிக்கொண்டார்கள். அதன் பிறகு கணினி இல்லாமல் செய்தபோது, கட்டி கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியிருந்தது. அனுபவசாலிகளுக்கே இப்படி. நான் இப்போதுதான் இ.சி.ஜி. படிக்கக் கற்கிறேன். தாளின் மேலேயே மெஷின் ஒரு முடிவை அச்சடித்துத் தருகிறது, பல வருடமாகவே தருகிறது. எங்கள் மேடம் அந்த வரியை மடித்து மறைத்துவிட்டுத்தான் தாளை நீட்டுவார். நாங்கள் சொன்ன பிறகு மடிப்பை விரிப்பார். இரண்டும் வேறாக இருந்தால் ஏன் என்று பேசுவோம். எல்லாக் கருவியையும் இந்த வரிசையில் பயன்படுத்தினால் எனக்குப் பயம் பாதியாகக் குறையும். ஆனால் நாற்பது பேர் வெளியே நிற்கும்போது யார் மடிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் மலைக்காரர் அண்ணன் சொல்லும் ஆள் நியமனமும் இந்தக் கருவிப் பேச்சும் ஒரே பேச்சுதான். கருவி சொன்னதை மறுக்க ஒருவருக்கு நேரம் வேண்டும், படிப்பு வேண்டும், மறுத்தால் மேலிடத்தில் திட்டு விழாது என்ற நம்பிக்கையும் வேண்டும்.

பென்னாகரம் ஆசிரியர்

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. மாமாவின் படத்தை, பெயரை எடுத்துவிட்டு, யாராவது பாடத்துக்கோ கணினிக்குப் பழக்கவோ கேட்டால் கொடுக்க அவருக்குச் சம்மதம். அவரே சொன்னார்.

செவிலியர் அம்மாவிடம் ஒரு கேள்வி. எக்ஸ்ரேக்குப் போகும் முன்பே இவர் ஃபுளூரைடு தண்ணீர் குடித்தவர் என்று தெரிவிக்க ஏதாவது வழி இருக்கிறதா? எங்கள் ஊரில் இன்னும் பத்து இருபது பெரியவர்கள் இதே வலியோடு இருக்கிறார்கள்.

காவேரிப்பட்டணம் செவிலியர்

இருக்கிறது சார். எக்ஸ்ரே எழுதிக் கொடுக்கும் சீட்டில் நோயாளியின் குறிப்பு எழுத ஒரு வரி உண்டு. அவசரத்தில் அதில் "முதுகு வலி" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறோம், சில நேரம் காலியாகவே போகும். எழுதிக் கொடுக்கும் டாக்டரிடமே சொல்லி, இன்ன ஊர், இத்தனை வருடம் போர் தண்ணீர், பல்லில் கறை இருக்கிறது என்று அந்த வரியில் எழுதச் சொல்லுங்கள். படத்தைப் படிப்பவர் யாராக இருந்தாலும் முதலில் பார்ப்பது அதுதான். தனியார் மையமென்றால் பதிவு செய்யும்போதே அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமும் அந்தப் பத்து இருபது பேரின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அந்தத் திட்டம் 2021-ல் தொடங்கியதே நம் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான். முன்கை எக்ஸ்ரேயும் சேர்த்துக் கேளுங்கள், பெரிய ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள்.